மனையை விற்காதீங்க சார்!

ஒலிம்பிக்ஸில் யாராவது துப்பாக்கி சுட்டுப் பதக்கம் வாங்கிவிட்டால் போதும். அடுத்த வாரமே நம் ஊர் அப்பாக்களுக்குக் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிடும். 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினார். 2012-ல் லண்டனில் அதே போட்டியில் ககன் நாரங்குக்கு வெண்கலம். 2024-ல் பாரிஸில் துப்பாக்கிச் சுடுதலில் மட்டும் நமக்கு மூன்று வெண்கலம். ஒவ்வொரு முறையும் வீடுகளில் கேட்கப்படுகிற கேள்வி ஒன்றுதான்: "பையனுக்கு ஒரு நல்ல ரைஃபிள் வாங்கணும். எது வாங்கலாம்?"

என்னைக் கேட்டால், கேள்வியே தப்பு.

"வாங்கணுமா?" என்று முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் நேராகக் கடைக்குப் போனால் என்ன ஆகும்? ஜெர்மனியிலிருந்து வந்த வால்தர், ஃபைன்வெர்க்பாவ் என்று வாயில் நுழையாத பெயர்களைச் சொல்வார்கள். புதிதாக வாங்கினால் விலை இரண்டு லட்சத்தைத் தாண்டும். "ஆரம்பத்திலேயே நல்லதா வாங்கிட்டா திரும்ப வாங்க வேண்டாம் பாருங்க" என்பார்கள். பையனுக்குப் பதினோரு வயது. அடுத்த வருஷம் அவனுக்குப் போன வருஷத்து பேன்ட்டே பத்தாது. துப்பாக்கி மட்டும் ஆயுசுக்கும் பத்துமாம்!

இந்த வியாபாரத்துக்கு உரம் போடுவது பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள்தான். நாரங்கின் பெற்றோர் மனையை விற்று மகனுக்கு ரைஃபிள் வாங்கிக்கொடுத்த கதையை எத்தனை முறை எழுதியிருப்போம்! பாரிஸில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே, கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்துப் பையன். அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். அவருக்குத் தோட்டா வாங்க அப்பா கடன் வாங்கிய கதையையும் கண்ணில் நீர் வர எழுதினோம். தியாகம், தியாகம், தியாகம்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்தக் கதைகளில் வேறு ஒரு சந்தேகம் வருகிறது. மனையை விற்று ஜெயித்தவர் கதை பேப்பரில் வருகிறது. மனையை விற்றுத் தோற்றவர் கதை எங்கே வருகிறது? லாபம் வந்த பக்கத்தை மட்டும் காட்டி, நஷ்டப் பக்கத்தைக் கிழித்துப்போட்ட கணக்குப் புத்தகத்தை எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்வாரா? ஒரு நாட்டில் பையன் குறிபார்த்துச் சுட அப்பன் மனையை விற்க வேண்டியிருக்கிறது என்றால் அது பெருமைப்பட வேண்டிய சேதி இல்லை. வெட்கப்பட வேண்டிய சேதி.

*

என் தலைமுறையில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளாதவர்கள் குறைவு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் தெருமுனை இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிடுவார்கள். லோயர், ஹையர் என்று பரீட்சை. டகடகவென்று அடிக்கிற அந்த மெஷின்கள் பலவற்றின் நெற்றியில் ரெமிங்டன் என்று எழுதியிருக்கும். அந்த ரெமிங்டன் பூர்வாசிரமத்தில் துப்பாக்கிக் கம்பெனி! அமெரிக்காவில் 1816-லிருந்து துப்பாக்கி செய்த குடும்பம், 1873-ல்தான் டைப்ரைட்டர் செய்ய ஆரம்பித்தது.

ஆனால் யாராவது ஒரு ரெமிங்டன் மெஷினை விலைக்கு வாங்கி டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டோமா? மாசம் இவ்வளவு என்று ஃபீஸ் கட்டினோம். தினமும் ஒரு மணி நேரம் மெஷின் நம்முடையது. மெஷின் வாங்குவது இன்ஸ்டிட்யூட்காரர் கவலை. ரிப்பன் தேய்ந்தால் மாற்றுவது அவர் கவலை. விரல் பழகுவது மட்டும் நம் கவலை. சைக்கிள் மட்டும் என்ன? மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்துத்தானே முட்டி பேர்த்துக்கொண்டோம்!

துப்பாக்கிக்கும் இதுதான் நியாயம். முதல் ரைஃபிள் வீட்டுடையதாக இருக்கக்கூடாது. கிளப்புடையதாக இருக்க வேண்டும். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

வணிகவியலில் முதல் வருஷமே சொல்லித்தருவார்கள். நிலைச் செலவு, மாறும் செலவு. ரைஃபிள் நிலைச் செலவு. ஒரு தரம் கொடுத்தால் முடிந்தது. சுடுகிற ஒவ்வொரு குண்டும் மாறும் செலவு. சுடச்சுட ஏறும்.

ஏர் ரைஃபிளில் சுடுவது ஈயத்தில் செய்த பெல்லட். 4.5 மில்லிமீட்டர் விட்டம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தகுதிச் சுற்றில் 60 ஷாட். பயிற்சியிலும் நாளுக்கு 60 ஷாட், வாரம் ஐந்து நாள், வருஷத்துக்கு 50 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15,000 பெல்லட். 500 பெல்லட் கொண்ட டப்பா ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு முப்பது டப்பா, முப்பதாயிரம் ரூபாய். ஓரளவு தேறப் பல வருஷம் ஆகும்.

அடுத்து, குசாலே சுட்ட 50 மீட்டர் போட்டி. அதற்கு .22 ரைஃபிள். பெல்லட் போய் மருந்து அடைத்த தோட்டா வந்துவிடும். நாளுக்கு 60, வாரம் மூன்று நாள், 40 வாரம் என்று குறைத்தே போட்டாலும் 7,200 தோட்டா. தோட்டா முப்பது ரூபாய் என்று வைத்தால் 2,16,000 ரூபாய். ஒவ்வொரு வருஷமும்! இப்போது சொல்லுங்கள், எதற்குக் காசு சேர்க்க வேண்டும்? ரைஃபிளுக்கா, தோட்டாவுக்கா? கையில் இருந்த பணத்தையெல்லாம் ரைஃபிளில் கொட்டிவிட்டு, பிறகு தோட்டாவை எண்ணி எண்ணிச் சுடுகிற பையன் எப்படித் தேறுவான்? வீணையை வாங்கிவிட்டு "வாரம் ரெண்டு தடவைதான் தந்தியைத் தொடணும்" என்று சொல்கிற கதை அது.

*

அப்பாக்கள் இப்படி என்றால், இன்டர்நெட்டில் வீடியோ பார்த்துக் கெட்டுப்போகிற இளைஞர் கூட்டம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஒருத்தர் தரையில் படுத்துக்கொண்டு ஆயிரம் கெஜம் தள்ளியிருக்கிற இரும்புத் தட்டை 'டங்' என்று அடிக்கிறார். இவர்களுக்கும் அதே ஆசை. "எனக்கு லாங் ரேஞ்ச்தான் இஷ்டம். 10 மீட்டர் எல்லாம் குழந்தைங்க சமாச்சாரம்" என்கிறார்கள்.

தம்பிகளா, முதலில் சட்டம். அமெரிக்காவில் கடையில் வாங்குகிற மாதிரி இங்கே வாங்க முடியாது. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி தோட்டா போட்டுச் சுடுகிற எதற்கும் லைசென்ஸ் வேண்டும். 21 வயது ஆகாதவருக்கு லைசென்ஸே கிடையாது. மேற்பார்வையில் பயிற்சி எடுக்க மட்டும் விலக்கு உண்டு. ராணுவம் பயன்படுத்தும் 7.62, .303 ரகங்கள் சாதாரணக் குடிமகனுக்குத் தடை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இதே கதைதான். ராணுவத் தோட்டா ஜனங்கள் கையில் போகக்கூடாது என்பதால்தான் .315 என்ற தனி ரகமே இங்கே புழக்கத்துக்கு வந்தது. லைசென்ஸ் இல்லாமல் வாங்கக்கூடியது, .177 அளவுக்கு மேல் போகாத, 20 ஜூல் சக்திக்குள் அடங்குகிற ஏர் ரைஃபிள். இந்தச் சட்டத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தெருவுக்குத் தெரு துப்பாக்கி விற்கிற நாடு என்ன ஆகிறது என்பதையும் அதே வீடியோக்களில் பார்க்கிறோம். ஆக இந்தியாவில் தொலைதூரக் குறிக்கான முதல் படிக்கட்டு ஏர் ரைஃபிள்தான். இரண்டாவது .22. அதற்கு மேலே 300 மீட்டர்.

அடுத்து, அந்த அமெரிக்கர் கணக்கையும் பார்த்துவிடுவோம். அங்கே சாவேஜ், ரூகர் மாதிரி கம்பெனிகளின் எளிய ரைஃபிள் ஐந்நூறு, அறுநூறு டாலருக்கே கிடைக்கும். ஆனால் போட்டித் தரத் தோட்டா ஒன்று ஒன்றரை டாலர் என்று குறைத்தே போடுங்கள். .308 ரைஃபிளின் குழல் சுமார் 5,000 தோட்டாவில் தேய்ந்துவிடும். அதற்குள் 7,500 டாலர் புகையாகப் போயிருக்கும். ரைஃபிள் விலையைப்போல பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! அதனால்தான் அங்கேயே விவரமானவர்கள் காற்றின் போக்கைப் படிக்க .22 ரைஃபிளை எடுத்துக்கொண்டு 200 கெஜத்துக்குப் போகிறார்கள். மெதுவாகப் போகிற சின்னக் குண்டைக் காற்று நன்றாகத் தள்ளும். குறைந்த காசில் அதே பாடம்.

அந்தப் 10 மீட்டரைத்தான் குழந்தை சமாச்சாரம் என்கிறீர்கள். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டால் பத்து மார்க். அதாவது பெல்லட்டின் மையம் 5 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். இப்போதெல்லாம் பத்தையும் பிரித்து 10.0 முதல் 10.9 வரை மார்க் போடுகிறார்கள். 60 ஷாட்டில் 630 எடுத்தால் உலக அளவிலான போட்டியில் இறுதிச் சுற்றை எட்டிப்பார்க்கலாம். சராசரி 10.5. அதற்குப் பெல்லட்டின் மையம், இலக்கின் மையத்திலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதை அப்படியே 1,000 மீட்டருக்கு விரித்துப்பாருங்கள். 25 சென்டிமீட்டர் அகலம், நாம் சாப்பிடுகிற தட்டு. அதை நின்றுகொண்டே, கையில் ரைஃபிளைப் பிடித்துக்கொண்டே, எதன் மேலும் சாய்க்காமல், லென்ஸ் இல்லாத சின்னத் துளை வழியாகப் பார்த்து, அறுபது தடவை அடிக்க வேண்டும். உங்கள் வீடியோ ஆசாமி படுத்துக்கொண்டு, முட்டுக்கொடுத்து, தொலைநோக்கி வைத்துச் சுடுகிறார்.

காற்றும் தூரமும் வேறு பாடம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூச்சு, விசை, உடம்பு ஆடாமல் நிற்பது, இந்த மூன்றும் 10 மீட்டரில் வராதவருக்கு ஆயிரத்தில் மட்டும் எப்படி வரும்?

*

"அப்போ சொந்த ரைஃபிளே வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். ஆனால் அதற்கு ஒரு பரீட்சை உண்டு. பையன் கிளப் ரைஃபிளில் சரியாக விழவில்லை என்று புகார் சொல்கிறானா? அதே ரைஃபிளைக் கோச் கையில் கொடுங்கள். "சார், பத்து ஷாட் போடுங்க" என்று கேளுங்கள். அவர் போட்ட பத்தும் பத்தைச் சுற்றியே விழுந்தால் கோளாறு ரைஃபிளில் இல்லை. சிதறினால்தான் ரைஃபிளைப் பற்றிப் பேச வேண்டும். கோச் சுட மறுத்தால் கோச்சைப் பற்றிப் பேச வேண்டும்.

வாங்குகிற நேரம் வந்தே விட்டதா? நாலு விஷயம் பாருங்கள்.

முதலாவது, எடை. விதிப்படி ஏர் ரைஃபிள் ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் விதி, இருக்கணும் என்று இல்லை. பெரியவர்கள் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பத்து வயசுக் குழந்தை இடுப்பை வளைத்து நிற்கப் பழகும். அந்த வளைவைத் திருத்துவதற்குள் கோச்சுக்கு உயிர் போய்விடும்.

இரண்டாவது, கட்டை. தோளில் வைக்கிற பகுதியை நீட்டிக் குறைக்க, கன்னம் வைக்கிற இடத்தை ஏற்றி இறக்க வசதி இருக்கிறதா? வளர்கிற பிள்ளைக்கு இது முக்கியம். பிராண்ட் முக்கியமில்லை.

மூன்றாவது, செகண்ட் ஹேண்ட் ரைஃபிளைக் கேவலமாக நினைக்காதீர்கள். பெல்லட் சுடுகிற குழல் லேசில் தேயாது. ஆனால் காற்று அடைக்கிற சிலிண்டர் மேல் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். ஜெர்மன் கம்பெனிகள் அதற்குப் பத்து வருஷம்தான் ஆயுள் சொல்கின்றன. விற்கிறவர் ரைஃபிளின் புகழைப் பாடிக்கொண்டே இருப்பார். தேதியைச் சொல்ல மாட்டார்.

நாலாவது, கையிலிருக்கிற பணத்தில் பாதிக்கு மேல் ரைஃபிளுக்குப் போகக்கூடாது. மீதி பெல்லட்டுக்கும், ரேஞ்ச் ஃபீசுக்கும், உடம்பை ஆடாமல் பிடிக்கிற அந்தக் கனத்த கோட்டுக்கும். இந்தக் கணக்கில் வராத ரைஃபிள் உங்களுக்கான ரைஃபிள் இல்லை. எவ்வளவு பளபளத்தாலும் சரி.

"பிந்த்ரா மட்டும் என்னவாம்? பணக்கார வீட்டுப் பிள்ளை. காசு இருந்ததால்தானே ஜெயித்தார்?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பிந்த்ராவின் அப்பா வீட்டிலேயே ரேஞ்ச் கட்டிக்கொடுத்தார். கவனியுங்கள், அந்தப் பணம் வாங்கிக்கொடுத்த பெரிய பொருள் ரைஃபிள் இல்லை. ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும், எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுடுகிற சுதந்திரம். அதே மாடல் ரைஃபிளை மனை விற்று வாங்கலாம். அந்தச் சுதந்திரத்தை எந்த மனையை விற்று வாங்குவது?

*

அதை வாங்கிக்கொடுக்க வேண்டியது சர்க்கார்தான். இது ஒன்றும் நடக்காத கனவில்லை. ஒரு மூலையில் இன்றைக்கும் நடக்கிறது. என்.சி.சி.யில் சேர்ந்த பையனும் பெண்ணும் அரசாங்க .22 ரைஃபிளை, அரசாங்கத் தோட்டாவில் சுடுகிறார்கள். யாருடைய அப்பாவும் அதற்காக மனையை விற்கவில்லை. கைநிறையக் குண்டு கிடைக்காது என்பதுதான் குறை. குறிபார்க்கத் தெரிந்த பிள்ளை யார் என்று கண்டுபிடிக்க அதுவே போதும். கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறோம்? சல்யூட் அடித்து சர்டிஃபிகேட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் ஏர் ரைஃபிள் தங்கம் வாங்கினார். "தமிழ்ப் பெண்!" என்று கொண்டாடினோம். அவர் ரைஃபிள் பிடிக்கக் கற்றது குடும்பம் குடியேறிய குஜராத்தில். கடலூரிலேயே வளர்ந்திருந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் அவருக்கு ஒரு ரேஞ்சும், எடுத்துச் சுட ஒரு பொது ரைஃபிளும் இருந்திருக்குமா? கொண்டாடியவர்கள் யாராவது கேட்டோமா?

மூன்றே மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

மாவட்டத்துக்கு ஒரு 10 மீட்டர் ரேஞ்ச். பெரிய மைதானம் எல்லாம் வேண்டாம், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹாலே போதும். அங்கே பத்துப் பொது ரைஃபிள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாதிரி மணிக்கணக்கில் முறை வைத்துச் சுடட்டும்.

இரண்டு, மாவட்டப் போட்டிகளில் விலை வரம்பு வைத்து ஒரு தனிப் பிரிவு. அமெரிக்காவில் பள்ளி வயதுப் பிள்ளைகளின் ஏர் ரைஃபிள் போட்டியில் 'ஸ்போர்ட்டர்' என்று ஒரு பிரிவு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிற, விலை குறைந்த, எளிய ரைஃபிளுக்கு மட்டும்தான் அதில் அனுமதி. விலை உயர்ந்த ரைஃபிள்காரர்களுக்கு 'ப்ரிசிஷன்' என்று வேறு பிரிவு. துப்பாக்கி விஷயத்தில் அமெரிக்காவிடம் கற்கக்கூடாதது நிறைய இருக்கிறது. கற்க வேண்டியது இது ஒன்று. அப்பாவின் பேங்க் பேலன்சோடு இன்னொரு குழந்தை போட்டி போடக்கூடாது என்கிற நியாயம் அது.

மூன்று, திருச்சியில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை 1960-களிலிருந்து இயங்குகிறது. ராணுவத்துக்கு ரைஃபிள் செய்கிற இடம். 2021-ல் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்துக் கம்பெனிகளாகப் பிரித்தபோது, இனி வியாபார ரீதியில் இயங்கும் என்றார்கள். நல்லது. பள்ளிக்கூடங்களுக்கும் கிளப்புகளுக்கும் ஒரு நம்பகமான, எடை குறைந்த ஏர் ரைஃபிளை மலிவாகச் செய்துகொடுப்பதும் வியாபாரம்தானே? போருக்குத் துப்பாக்கி செய்யத் தெரிந்தவர்களுக்குக் குழந்தைகள் சுட ஒரு ஏர் ரைஃபிள் பெரிய வித்தையா?

இதெல்லாம் நடக்கிற வரைக்கும் அப்பாக்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த ஒலிம்பிக்ஸ் 2028-ல் லாஸ் ஏஞ்சலீஸில். யாராவது பதக்கம் வாங்குவார்கள். நாங்களும் வழக்கம்போலத் தியாகக் கதை எழுதுவோம். படியுங்கள், கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பத்திரத்தை பீரோவிலேயே வையுங்கள். பையனை பக்கத்து ரேஞ்சுக்கு அழைத்துக்கொண்டு போய், கிளப் ரைஃபிளைக் கையில் கொடுத்து, ஒரு டப்பா பெல்லட் வாங்கிக்கொடுங்கள். அது தீர்ந்த பிறகும் அவன் "இன்னொரு டப்பா" என்று கேட்டால் வாங்கிக்கொடுங்கள். முப்பதாவது டப்பாவுக்குப் பிறகும் கேட்டால், அப்போது ரைஃிபிளைப் பற்றி யோசிக்கலாம்.